காகங்களுக்குச் சோறிட்ட விளையாட்டு

பஞ்சநாதன் சொர்ணாம்பாள் (1956–1989). காரைக்கால் கோவில்பத்தில் வாழ்ந்தவர். அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சர். திருமணம் செய்துகொள்ளவில்லை.

அக்காள் கணவர் நடராசன் 1985இல் பிரான்சிலிருந்து வந்தபோது, தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் சிறு கணிப்பொறி ஒன்றைக் கொண்டுவந்து விட்டுச்சென்றார். உடன் வந்த கையேட்டைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்ட சொர்ணாம்பாள், ஈராண்டு உழைத்து ஒரு விளையாட்டை உருவாக்கி ஒலிநாடாவில் பதிந்துவைத்தார்.

அதில், கிளிஞ்சல்மேட்டுக் கரையில் ஒருத்தி கருவாடு காயவைத்திருப்பாள். காகங்கள் வரும். கல்லெறிந்து அவற்றை விரட்ட விரட்டத் தொலைவிலிருக்கும் படகு கரையை நெருங்கும். படகு வந்து சேர்ந்ததும் அவள், "வந்துட்டீங்களா?" என்று கேட்பாள். அந்தப் பொறிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஒவ்வோர் எழுத்தையும் அவர் புள்ளி புள்ளியாக வரைந்திருந்தார். முன்பின் அறியாத ஒருவர் விளையாடி அந்தச் சொல்லைப் பார்க்க வேண்டும். அதைத் தவிர வேறொன்றையும் அவர் விரும்பவில்லை.

1987 டிசம்பரில் சனிப்பெயர்ச்சி வந்தது. திருநள்ளாற்றில் நல்லெண்ணெய்க் கடை வைத்திருந்த காத்தமுத்துவிடம் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அவரிடம் இடம் கேட்டுப் பொறியை அங்கே வைத்தார். எட்டிப் பார்த்த பக்தர்கள் கல்லைக் கண்டதும் சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்கள்.

"ஏம்மா, சனீஸ்வரன் வாசல்ல உக்காந்துகிட்டு அவரு வாகனத்தையே கல்லால அடிக்கச் சொல்றியே! எவன் அடிப்பான்? என் கடைப்பக்கமும் வரமாட்டானுங்க" என்றார் காத்தமுத்து.

"கருவாட்டுக்கு வர்ற காக்காண்ணே அது."

"காக்கா காக்காதாம்மா."

சொர்ணாம்பாள் அங்கேயே அமர்ந்து விளையாட்டைத் திருத்தினார். கல் சோற்று உருண்டையாயிற்று. அஞ்சி ஓடிய காகம், தின்றுவிட்டுப் பறந்தது. மாலைக்குள் கடைவாசலில் கூட்டம் கூடிவிட்டது. பலர் பொத்தான்களை அழுத்திச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒரு பெண் மட்டும், தலைமுழுகிய ஈரம் உலராமல், சோறிட்டுக்கொண்டே நின்றாள். படகு அலையைத் தாண்டியது. மின்சாரம் போயிற்று.

"ஐயையோ! படகு வந்துச்சாங்க?"

சொல்லியிருக்கலாம். சொர்ணாம்பாள் சொல்லவில்லை. "கரண்டு வரட்டும், நாடாவ மறுபடி ஏத்துறேன். நீங்களே பாருங்க."

"பஸ்ஸு போயிடுங்க. எள்ளு விளக்கு வேண்டுதல் இருக்கு, அடுத்த சனிக்கிழமையும் வருவேன். அழிச்சிப்புடாதீங்க."

ஊர், பெயர் எதையும் கேட்கத் தோன்றவில்லை. அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. சொர்ணாம்பாள் பொறியைத் துணிப்பையிலிட்டுச் சனிதோறும் பேருந்தேறினார். யார் வந்து கேட்டாலும் விளையாடக் கொடுத்தார். பாதியில் எழுந்து போனவர்களை அவர் தடுக்கவில்லை. ஈரத்தலையோடு எவள் கடையைக் கடந்தாலும் அவர் நிமிர்ந்து பார்ப்பார்.

"அவ வேற எந்தக் கோயிலுக்கோ வேண்டிக்கிட்டாளோ என்னமோ" என்பார் காத்தமுத்து.

"படகு வந்துச்சான்னு கேட்டவ அவ ஒருத்திதாண்ணே."

1989இல் பொறியை எடுத்துச்செல்ல வந்த நடராசனிடம், "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் அத்தான்" என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் மஞ்சள் காமாலையால் காலமானார். காத்தமுத்துவின் கடையில் அவர் அந்த நாடாவைக் கடைசியாக ஏற்றியது 1989 ஜூன் 10, சனிக்கிழமை.