கோந்து அக்கா உரித்த படம்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. சொந்தபந்தம் அத்தனைக்கும் அவள் கோந்து அக்கா. முப்பத்தோரு வருஷம் தபால் அலுவலகக் கவுண்டரில் ஸ்டாம்பு கிழித்தவள். ஓய்வு பெற்ற மூன்றாம் நாள், வேலையில்லாமல் வீட்டில் எல்லோரையும் குறை சொல்லிக்கொண்டிருந்தவளிடம் கணவர் ஒரு வீடியோவைக் காட்டினார். துணி போர்த்திய பெட்டியில் புகைப்படங்களை வெட்டி ஒட்டி, மேலே வார்னிஷ் பூசி மினுக்குகிற வேலை. டெக்கூபாஜ் என்று பெயராம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! அந்த மனிதர் இன்றுவரை அதற்காக வருந்துகிறார்.

முதலில் நகைப்பெட்டி. அப்புறம் தையல்பெட்டி, மூக்குக்கண்ணாடிக் கூடு, கடைசியில் வரவேற்பறை முக்காலி. முக்காலி மெத்தையின் நடுவில் கணவரின் கல்யாண முகம். வருகிற விருந்தாளியெல்லாம் அதன்மேல்தான் உட்கார்ந்தார்கள்.

"என் மூஞ்சிமேல ஊரே உக்காருது. இது உனக்கே நல்லாருக்கா?" என்று கேட்டார்.

"இத்தனை நாளா உங்களை யாரு கண்டுக்கிட்டா? இப்பவாவது ஒரு பிரயோஜனம் இருக்கே," என்றாள்.

வெட்டுவதில் அவளுக்கென்று தனி நியாயம். மகள் கல்யாணத்துக்கு வராத அத்தை மகன், பழைய குரூப் போட்டோவில் ஒரு தோள்பட்டையாக மிஞ்சினான். நாத்தனாருக்கு அதுகூட இல்லை. அவள் நின்ற இடத்தில் ஒரு ரோஜாப்பூ. அந்தக் கத்தரியிடம் தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்.

நகல் எடுத்து ஒட்டினால் என்ன என்று கேட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். வீட்டு பிரிண்டரில் எடுத்த நகலில் ஈரக் கோந்து பட்டால் சாயம் ஓடிவிடுமாம். அசலோ தடிமன், துணியில் படியாமல் ஓரம் தூக்கும். அதற்கும் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். படத்தை வெந்நீரில் ஊறப்போட்டு, கவிழ்த்து வைத்து, கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து முதுகுத் தாளை உரித்துவிடுவாள். படம் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாகிவிடும். இந்த வித்தையில் அவளுக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

இந்த லட்சணத்தில்தான் ஒரு நாள் காலையில் தங்கச்சி வந்தாள். பத்து வயது இளையவள். அவளுக்கு ஒரு வயது நிரம்பும் முன்பே அம்மா போய்விட்டாள். அக்காவுக்காவது அம்மாவின் குரல், திட்டு, அடி எல்லாம் ஞாபகத்தில் இருந்தன. இவளுக்கு ஒன்றுமே இல்லை. செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"அக்கா, அம்மா என்னை மடியில வச்சிருக்கிற போட்டோ உன்கிட்டதானே இருக்கு?"

அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "அடியேய், நீயே கேட்டுட்டியா! உன் பொறந்தநாளுக்குக் குடுக்கலாம்னு ஒளிச்சு வச்சிருந்தேன்டி."

உள்ளே ஓடிப்போய் நீலப்பட்டு போர்த்திய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். மூடியின் நடுவில் அம்மாவும் கைக்குழந்தையும். மேலே மூன்று பூச்சு வார்னிஷ்.

"ஓரத்தைத் தடவிப் பாரு. துணியிலேயே அச்சடிச்ச மாதிரி இல்ல?"

தங்கச்சி தடவவில்லை. "இதோட பின்பக்கம் எங்க, அக்கா?"

"பின்பக்கமா? அதை யாருடி பாக்கப் போறா?"

"நேத்து சித்தி ஃபோன்ல சொன்னாங்க. நான் பெரியவளானதும் படிக்கட்டும்னு அம்மா அதுக்குப் பின்னால எனக்கு என்னமோ எழுதி வச்சாங்களாம். என்ன எழுதினாங்கன்னு சித்திக்கும் தெரியாதாம். அதைப் படிக்கத்தான்க்கா லீவு போட்டுட்டு வந்தேன்."

அக்கா பெட்டியைக் கீழே வைத்தாள். நீல மையில் எழுத்து இருந்தது உண்மை. ஸ்டுடியோக்காரன் எழுதிய நம்பர் என்று நினைத்தாள். நினைத்தாள் என்பதுகூடப் பொய். அதை அவள் படித்துப் பார்க்கவே இல்லை. மை கரைந்தபோது, சாயம் படத்தில் இறங்கிவிடுமோ என்று பதறி இன்னும் வேகமாகத் தேய்த்தாள், அவ்வளவுதான்.

"எத்தனை வரி இருந்துச்சு?"

"நாலஞ்சு இருக்கும்."

"ஒரு வார்த்தையாவது கண்ணுல பட்டுச்சா?"

பொய்யாவது சொல்லலாம் என்று அக்கா பார்த்தாள். அம்மா என்ன எழுதியிருப்பாள் என்று ஊகிக்கக்கூட அவளுக்கு வரவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"கட்டைவிரல்ல நீலமா ஒட்டிக்கிச்சுடி," என்றாள். "சோப்பு போட்டுக் கழுவிட்டேன்."