பூட்டிய அலமாரியில் ஒரு பித்தளை ஃபில்டர்

திரு. பஞ்சாபகேசன் அவர்கள் காலமான செய்தியை நம் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர்தான் தொலைபேசியில் எனக்குச் சொன்னார். "சார், உங்க அத்திம்பேர் கார்த்தால தவறிட்டார். தூக்கத்துலேயே போயிட்டார், புண்ணியாத்மா" என்றார். கையோடு, "மலர்ல அஞ்சலிக் கட்டுரை போடறோம். நீங்கதான் எழுதணும். உங்களைவிட அவரைத் தெரிஞ்சவா வேற யாரு இருக்கா?" என்றார்.

இருந்தாள். என் அக்கா வசுமதி, அவருடைய மனைவி. அவள் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஆகவே எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நல்லதாக நாலு வார்த்தை எழுதும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். உண்மையாக எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். இரண்டும் ஒன்றுதான் என்று அவர் நினைத்தது என் பிழையன்று.

அவரை அறியாதவர்களுக்காக: பஞ்சாபகேசன் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலிகஞ்சில் மூன்றாம் மாடியில் குடியிருந்தார். காபி தயாரிக்கும் கருவிகளைச் சேகரித்தார். நீண்ட பிடி வைத்த துருக்கிச் செப்புக் கிண்ணம், பிரெஞ்சுக்காரர்களின் இரண்டடுக்குச் சொட்டுப் பாத்திரம், ஆவி அழுத்தத்தால் தண்ணீர் மேலேறிப் பின் உறிஞ்சப்பட்டு இறங்கும் கண்ணாடி சைஃபன், களகளவென்று சத்தமிடும் பெர்கோலேட்டர், இத்தாலியர் அடுப்பில் வைக்கும் எண்கோண அலுமினியப் பானை என்று நாற்பதுக்குக் குறையாமல் இருந்தன. சிலவற்றைச் சௌரங்கியின் பழம்பொருள் ஏலங்களில் எடுத்தார். சிலவற்றை வெளிநாடு போய் வந்தவர்களிடம் சொல்லி வாங்கினார். ஒவ்வொன்றின் வரலாற்றையும் பிழையில்லாமல் சொல்வார். இதை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. அவருடைய அறிவில் எனக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் இருந்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் ஓய்வு பெற்றதும் மாதத்துக்கு ஒரு ஞாயிறு வீட்டுக் கூடத்தில் செயல்விளக்கம் நடத்தத் தொடங்கினார். தமிழர்களும் வங்காளிகளும் வருவார்கள். சலவை ஜிப்பாவில் அவர் நின்று பேசுவார். கொட்டையை வறுப்பதும் கையரைவையில் அரைப்பதும் வெந்நீரை வேண்டிய சூட்டில் கொண்டுவந்து வைப்பதும் எல்லாரும் போனபின் கண்ணாடியும் செம்பும் துலக்குவதும் அக்காவின் வேலை. கூட்டத்தில் அவர் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஜெர்மனியில் ஓர் இல்லத்தரசி, தன் காபியில் மண்டி மிதப்பதைப் பொறுக்கமாட்டாமல், மகனுடைய நோட்டுப் புத்தகத்திலிருந்து மையொற்றும் தாளைக் கிழித்து, துளையிட்ட பித்தளைச் சொம்பில் போட்டு வடித்துப் பார்த்தாள். உலகம் முழுவதும் இன்று பயன்படும் தாள் வடிகட்டி அப்படித்தான் பிறந்தது. "ஒரு சாதாரண பொம்மனாட்டி. தனக்கு எப்படி வேணும்னு அவளுக்குத் தெரிஞ்சிருந்தது. அவ்வளவுதான்" என்று நிறுத்துவார். கூட்டம் கைதட்டும். அந்தக் கைதட்டலின்போது அக்கா பெரும்பாலும் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. காபியின் வரலாறு ஏணியைப் போன்றது என்பார். கொதிக்கவைத்தல் கீழ்ப்படி, வடித்தல் அடுத்த படி, அழுத்தம் மேற்படி. ஏறியவன் இறங்கக் கூடாது. அதை வீட்டில் சட்டமாகவே ஆக்கினார். மாதத்துக்கு ஒரு தயாரிப்பு முறை, கால வரிசைப்படி, அந்த மாதம் முழுவதும் வீட்டில் வேறு எவ்வகைக் காபியும் கிடையாது. துருக்கி மாதத்தில் பால் சேர்த்தால் வரலாற்றுக்கு முரண். பெர்கோலேட்டர் மாதத்தில் வீடெங்கும் தீய்ந்த வாடை. நம் ஊர் ஃபில்டருக்கு அந்த வரிசையில் மாதமே இல்லை. அது பிரெஞ்சுப் பாத்திரத்தின் நகல் என்றும், சிக்கரி கலப்பது கலப்படம் என்றும் தள்ளிவிட்டார்.

அக்காவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவளிடம் கல்யாணத்தில் கொடுத்த பித்தளை ஃபில்டர் ஒன்று இருந்தது. உட்புறம் ஈயம் பூசியது, கும்பகோணத்தில் வாங்கியது. அதில் இறங்கிய டிகாக்‌ஷனில் நுரை பொங்க ஒரு டம்ளர் காபியை, தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து குடிக்க வேண்டும். இதற்குமேல் அவள் எதையும் கேட்டு நான் அறியேன்.

ஒரு முறை அக்கா சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியபோது ஃபில்டர் சமையலறையில் இல்லை. கூடத்தின் கண்ணாடி அலமாரிக்குள் தேக்குப் பலகைமேல் நின்றுகொண்டிருந்தது. கீழே தட்டச்சு செய்த அட்டை: 'தென்னிந்தியச் சொட்டு வடிகட்டி. வளர்ச்சியடையாத வடிவம்.' அன்று நானும் அங்கே இருந்தேன்.

"வசு, இது இனிமே ஆவணம். ஆவணத்துல காபி போடப்படாது" என்றார் அத்திம்பேர்.

"நானும் இந்தாத்துக்கு அதோடதானே வந்தேன். என்னையும் உள்ளே வெச்சுப் பூட்டிடுங்கோ. அட்டையில என்ன எழுதறதுன்னு நான் சொல்றேன்" என்றாள் அக்கா.

அவர் சிரித்தார். அவளுடைய பேச்சை அவர் எப்போதும் ரசிப்பார். சாவியைக் கொடுக்கவில்லை.

லேக் மார்க்கெட்டில் அவள் ஒரு எவர்சில்வர் ஃபில்டர் வாங்கி வந்தாள். ஒரே வாரத்தில் அது குளியலறைக்குப் போய், ப்ளீச்சிங் பவுடர் போட்டுவைக்கும் பாத்திரம் ஆயிற்று. "அலமாரியில ஒண்ணு, அடுப்படியில ஒண்ணுன்னா வரவா என்ன நினைப்பா?" என்று விளக்கம் சொன்னார். அதற்குப் பிறகு அவள் வாங்கவில்லை. காளிகாட்டில் மெட்ரோ ஏறி டாலிகஞ்சில் என் வீட்டுக்கு வருவாள். கதவைத் திறந்ததும், "டேய், எங்காத்துல காபிக்கு வம்சாவளியே இருக்கு. குடிக்கத்தான் காபி இல்லை. போடு" என்பாள். இரண்டு டம்ளர் குடிப்பாள். திரும்பும்போது வாயைக் கொப்பளித்து, கிராம்பு மென்றுகொண்டு போவாள். ஐம்பது வயது கடந்த ஒரு பெண் காபி குடித்ததைக் கணவரிடமிருந்து மறைக்க வேண்டியிருந்தது. இதைச் சிரிப்பாகத்தான் சொல்வாள். நான் ஒருநாளும் சிரித்ததில்லை.

நான் அவரிடம் பேசிப் பார்த்தேன். "அத்திம்பேர், அக்கா கேக்கறது ஒரு டம்ளர் காபி. உங்க கலெக்‌ஷன் இல்லை" என்றேன்.

"நீ படிச்சவன். ரசனைங்கறது கத்துக்கொடுக்க வேண்டியது. அவளுக்கு நான் கத்துக்கொடுத்துண்டிருக்கேன்" என்றார்.

அவர் குரலை உயர்த்தியதில்லை, கை நீட்டியதில்லை, துர்கா பூஜைக்குப் புடவை வாங்கித் தரத் தவறியதில்லை. இவற்றையெல்லாம் செயலாளர் தம் பேச்சில் குறிப்பிடுவார் என்று நம்புகிறேன்.

பிறகு அக்காவுக்கு நோய் வந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எது பிடிக்கிறதோ கொடுங்கள் என்று மருத்துவர் எங்கள் இருவர் முன்னிலையிலும் சொன்னார். அக்கா கேட்டாள்: "என் ஃபில்டரை எடுங்கோ. ஒரு டம்ளர் போட்டுக் குடுங்கோ."

அத்திம்பேர் அவள் கையைப் பற்றிக்கொண்டு, "நீ எழுந்து உட்காரு வசு. நானே அலமாரியைத் திறந்து எடுத்துத் தரேன், சத்தியமா" என்றார். கண் கலங்கியிருந்தார். நானும் நம்பினேன். அவள் நம்பினாள். மறுநாளிலிருந்து எழுந்து உட்காரப் பழகினாள். தலையணையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கதவு வழியாகக் கூடத்து அலமாரிப் பக்கம் பார்ப்பாள். அவர், "இன்னும் கொஞ்சம் தெம்பு வரட்டும்" என்பார். தெம்பு வருவதற்காகச் சைஃபனில் இறக்கிய பால் இல்லாத காபியைக் கண்ணாடிக் கோப்பையில் கொடுப்பார். அவள் உதட்டில் வைத்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவாள்.

பொறுக்காமல் நான் என் வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் கொண்டுபோனேன். அன்று பார்க்க வந்தவர்கள் சிலர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அத்திம்பேர் ஃபிளாஸ்கை என் கையிலிருந்து வாங்கி, மூடியில் ஊற்றி, முகர்ந்து, ஒரு வாய் சுவைத்தார். "மூணுல ஒரு பங்கு சிக்கரி. தண்ணி ரொம்பச் சூடு. கசப்பை மறைக்கச் சர்க்கரை" என்று வந்தவர்களிடம் சொன்னார். அங்கிருந்து பிரெஞ்சுக்காரர்கள் சிக்கரிக்கு எப்படி வந்தார்கள் என்ற வரலாற்றுக்குப் போனார். போர்க்காலம், துறைமுக முற்றுகை, பஞ்சம் எல்லாம் வந்தன. எல்லாம் சரியான தகவல்கள். அவர் முடித்தபோது மூடியிலிருந்த காபியில் ஏடு படிந்திருந்தது.

அக்கா என்னைப் பார்த்து, "விடுடா. என் ஃபில்டர்லயே குடிச்சுக்கறேன். சத்தியம் பண்ணியிருக்காரே" என்றாள்.

மறுவாரம் இறந்தாள். உட்கார்ந்த நிலையில், தலையணையில் சாய்ந்தபடி.

அடுத்து வந்த ஆண்டுகளில் செயல்விளக்கங்கள் தொடர்ந்தன. பாத்திரம் துலக்க ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். ஜெர்மானிய இல்லத்தரசியின் கதையை அவர் விடவில்லை என்று கேள்விப்பட்டேன். நான் போகவில்லை.

அவருடைய பதின்மூன்றாம் நாள் காரியத்துக்குத்தான் மறுபடி அந்தக் கூடத்தில் கால் வைத்தேன். நல்ல கூட்டம். "காபியின் சரித்திரமே சாய்ந்துவிட்டது" என்றார் செயலாளர். சாப்பாடு முடிந்து அனைவருக்கும் காபி தேவைப்பட்டது. சமையற்காரர் அலமாரிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல எதுலயும் எனக்குப் போடத் தெரியாது மாமா" என்று கையை விரித்தார். எதிர்வீட்டு வங்காளி அம்மாள் ஷிப்ரா பௌதி, அக்காவுக்கு நெருங்கிய சிநேகிதி, என் பக்கத்தில் வந்து நின்றார். "தாதா, எத்தோ கெட்லி, ஏக்டாதேஓ சா ஹோபே நா?" என்றார். அண்ணா, இத்தனை கெட்டில் இருந்தும் ஒன்றில்கூடத் தேநீர் போட முடியாதா என்று கேட்டார். தெருமுனைக் கடையிலிருந்து ஆள் அனுப்பி மண் குவளைகளில் தேநீர் வரவழைத்தார்கள். நாற்பது கருவிகளின் நடுவே நின்று துக்கத்துக்கு வந்தவர்கள் அதைக் குடித்தார்கள்.

காரியம் செய்த அவருடைய தம்பி மகன் சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்தான். "மாமி சாமான் ஏதாவது வேணும்னா எடுத்துக்கோங்கோ மாமா. மத்ததைச் சங்கத்துக்குக் குடுத்துடறேன், கண்காட்சி வெக்கறாளாம்" என்றான். அலமாரியைத் திறந்தேன். ஃபில்டரைத் தூக்கினேன். பலகையும் கூடவே வந்தது.

கீழ்ப் பாத்திரத்தின் அடியில் துளையிட்டுத் திருகாணியால் பலகையோடு முடுக்கியிருந்தார். ஆணியின் தலை பச்சையேறிப் போயிருந்தது. சென்னையிலிருந்து அக்கா திரும்புவதற்கு முன்பே செய்த வேலை. டிகாக்‌ஷன் வந்து தங்க வேண்டிய பாத்திரம் அது. கட்டிலருகே உட்கார்ந்து, அவள் கையைப் பற்றிக்கொண்டு சத்தியம் செய்தபோது, அதில் ஒரு சொட்டுகூட நிற்காது என்று அறிந்தவர் அந்த வீட்டில் ஒருவர் மட்டுமே. அவள் எழுந்து உட்காரப் பாடுபட்ட ஒவ்வொரு முறையும் அவர் அதை அறிந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

திருகாணியைக் கழற்றி ஃபில்டரை எடுத்து வந்துவிட்டேன். கண்காட்சிக்கு மற்றவை போகட்டும், அட்டைகளோடு போகட்டும். துளையை ஈயம் வைத்து அடைக்க லேக் மார்க்கெட்டில் ஆள் உண்டு. நான் அடைக்கவில்லை.

இரங்கல் கூட்டத்தில் அவருடைய படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் காபி வைக்க வேண்டுமாம். அது குடும்பத்தின் சார்பில் வரவேண்டுமாம். செயலாளர் நேற்று மறுபடி அழைத்துக் கேட்டார். கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மூன்றில் ஒரு பங்கு சிக்கரி சேர்த்து, அக்காவின் ஃபில்டரில் போட்டு, அந்த ஃபில்டரையே படத்துக்கு முன் வைப்பேன். மேசை விரிப்பு நனைந்தால் சங்கத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒழுகியது போக அடியில் எவ்வளவு நிற்கிறதோ, அவ்வளவும் உங்களுக்குத்தான், அத்திம்பேரே. குடித்துவிட்டுப் போங்கள்.