பெல்லாவின் பருத்திக்காடு

என் கணவர் வரலாற்றில் முதுகலை படித்தவர். ஊத்துக்குளிக்காரர். வாத்தியார் வேலைக்கு அலைந்து பார்த்து, கிடைக்காமல், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் நிட்டிங் பிரிவில் சேர்ந்தார். மெஷினிலிருந்து இறங்குகிற துணியை வெளிச்சத்தில் விரித்து ஓட்டையும் எண்ணெய்க் கறையும் பார்க்கிற வேலை. நான் அதே கம்பெனியின் ஆபீசில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு வியாபாரிகளோடு பேசி, ஆர்டர் கப்பல் ஏறும்வரை அதன் பின்னாலேயே ஓடுகிறவள்.

கல்யாணமான புதிதில் மற்ற ஜோடிகள் சினிமாவுக்குப் போனார்கள். எனக்கு அவர் மாசிடோனியாவின் கதையைச் சொன்னார். சோறு பிசைந்துகொண்டே சொல்வார், பைக்கில் போகையில் தலையைத் திருப்பிச் சொல்வார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மலைக்காரர்களின் கையில் நீண்ட ஈட்டியைக் கொடுத்து அவர்களைப் படையாக்கிய பிலிப். அந்தப் படையைக் கூட்டிக்கொண்டு பாரசீகத்தை விழுங்கி, பஞ்சாப் ஆற்றங்கரைவரை வந்துவிட்ட அவன் மகன் அலெக்சாண்டர். இனி ஓரடிகூட வரமாட்டோம், ஊருக்குப் போகவேண்டும் என்று அங்கே உட்கார்ந்துவிட்ட சிப்பாய்கள். பிறகு பாபிலோனில் அலெக்சாண்டருக்குக் காய்ச்சல், சாவு.

"எல்லாரும் கதைய அங்கெயே நிறுத்திக்கிறாங்க புள்ள. அதுக்கப்புறந்தான் கதையே இருக்குது" என்பார்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும். தளபதிகள் ஆளுக்கொரு தேசமாகப் பிய்த்துக்கொண்டார்கள். அலெக்சாண்டரின் தாயையும் மனைவியையும் மகனையும் மிச்சம் வைக்காமல் கொன்றார்கள். அடுத்தடுத்த தலைமுறைகளில் ரோமாபுரிக்காரர்கள் வந்தார்கள். கடைசி அரசனை ஊர்வலத்தில் நடக்கவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவனுடைய மகன்களில் பிழைத்த ஒருவன் ரோமில் குமாஸ்தாவாக எழுதிப் பிழைத்தானாம். அவன் பெயரும் அலெக்சாண்டர்தான்.

எங்கள் கம்பெனிக்கு கிரீஸிலிருந்து சரக்கு வாங்குகிற ஒரு பையர் வருவார். வயதானவர், தெசலோனிக்காக்காரர். ஒரு தடவை சாம்பிள் பார்க்க நிட்டிங் பக்கம் வந்தவரிடம் என் கணவர் தன் ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிப் பெல்லாவைப் பற்றிக் கேட்டார். மாசிடோனியர்களின் தலைநகரம் அது. பையர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாதாம். அன்று மதியம் இருவரும் மெஷின் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திப் பேசியதைச் செக்கிங் பெண்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

"ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வாங்க. நானே பெல்லாவுக்குக் கூட்டிப் போறேன்" என்று பையர் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் ஒவ்வொரு முறை வரும்போதும் அதையே சொன்னார்.

பாஸ்போர்ட் எடுத்தோம். செக்கிங்கில் இருந்த தூத்துக்குடிப் பெண் கேள்விப்பட்டு, "தெசலோனிக்காவாக்கா? எங்க சர்ச்ல பைபிள் வாசிக்கும்போது அந்த ஊரு பேரு அடிக்கடி வரும்லா! போனா ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க" என்றாள். ஆனால் நாங்கள் போகவில்லை. முதல் வருடம் சம்மர் ஆர்டர் தலைக்குமேல் இருந்தது. மறு வருடம் மாமனார் படுத்துவிட்டார். அப்புறம் ஊரடங்கு. திறந்ததும் விட்டுப்போன ஆர்டர்களைப் பிடிக்கிற ஓட்டம். "தீபாவளி முடியட்டும்" என்பேன் நான். "இந்த ஷிப்மென்ட் போகட்டும்" என்பார் அவர். பெல்லா எங்கே ஓடிப்போகப் போகிறது என்றுதான் இரண்டு பேருமே நினைத்தோம்.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருப்பது, ஒருநாள் துணியில் இல்லாத கறையை அவர் இருக்கிறது என்று சொன்னபோதுதான் தெரியவந்தது. கோயம்புத்தூரில் லேசர் செய்தார்கள். இடது கண் தேறவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றினார். "அட, பிலிப்புக்கும் ஒத்தக் கண்ணுதான் புள்ள. சண்டையில அம்பு பட்டுப் போயிருச்சு. அதை வெச்சுட்டுத்தான் அத்தனை ஊரையும் புடிச்சான்."

"அவனுக்குச் சர்க்கரை இல்லீங்க" என்றேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

ஒன்றரை வருடத்தில் வலது கண்ணும் போய்விட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். வேலையை விட்டார். கதை சொல்வதும் குறைந்தது.

அதற்கப்புறம்தான் நாங்கள் கிளம்பினோம். "இனி எதுக்கு?" என்று அவர் கேட்டார். "போலாமுங்க" என்பதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அக்டோபரில் போனோம். பையர் விமான நிலையத்துக்கு வந்திருந்தார். என் கணவரின் கையிலிருந்த வெள்ளைத் தடியைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வரவேண்டாம் என்பாரோ என்று பயந்திருந்தேன்.

பெல்லாவில் பெரிதாக ஒன்றுமில்லை. புல்வெளி, தெருக்களின் அடித்தளம், திரும்ப நிறுத்தி வைத்த சில தூண்கள். மியூசியத்தில் ஆற்றுக் கூழாங்கற்களைப் பதித்துச் செய்த ஒரு பெரிய தரைச் சித்திரம். சிங்க வேட்டை. அதைப் பார்க்கத்தான் அவர் இத்தனை வருடம் ஆசைப்பட்டிருந்தார். தடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சொல்லு" என்றார்.

"நடுவுல சிங்கம் இருக்குதுங்க. ரெண்டு பக்கமும் ரெண்டு பசங்க. ஒருத்தன் கத்திய ஓங்கிட்டு நிக்கறான். இன்னொருத்தன் கையில ஈட்டி."

"ஒருத்தன் அலெக்சாண்டர்னு சொல்லுவாங்க. மூஞ்சி எப்படி இருக்குது? பயம் தெரியுதா?"

பார்த்தேன். சின்னச் சின்னக் கற்கள். பயமா கோபமா என்று எனக்குச் சொல்ல வரவில்லை. "சின்ன வயசுங்க" என்றேன்.

"கலரு?"

"பின்னால டார்க் கிரேங்க. உடம்பெல்லாம் ஆஃப் ஒயிட். நிழல் விழற எடத்துல வெள்ளையும் சாம்பலும் கலந்த கிரே மெலாஞ்ச். சிங்கத்துக்குக் கொஞ்சம் மஸ்டர்ட்."

ஆர்டரில் எழுதுகிற கலர்ப் பெயர்கள்தான் என் வாயில் வந்தன. அவர் சிரித்துவிட்டார். "ஷேடு நம்பரையும் சொல்லீரு." நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த கேள்வி வரவில்லை. "போதும், போலாம்" என்று கயிற்றை விட்டுவிட்டார். பையர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் என் கணவர் கடல் தெரிகிறதா என்று கேட்டார். அந்தக் காலத்தில் கப்பல்கள் பெல்லாவரை வந்ததாகப் படித்திருந்தாராம். வண்டல் படிந்து கடல் தூரமாகப் போய்விட்டது என்று பையர் சொன்னார். சாலைக்கு அந்தப்பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாக இருந்தது. என்னால் நம்ப முடியவில்லை.

"ஏனுங்க, பருத்திக்காடுங்க!"

"இங்கெயா? நெசமாவா?"

சாலையைத் தாண்டி, கையைப் பிடித்துக் காட்டுக்குள் இறக்கிவிட்டேன். வெடித்த காய் ஒன்றைத் தடவி, பஞ்சைப் பிடுங்கி, விரல்களுக்கிடையில் இழுத்துப் பார்த்தார். நெடுநேரம் இழுத்துக்கொண்டே இருந்தார். "நல்ல பஞ்சு" என்றார். அந்த ஊரில் அவர் கண்டது அது ஒன்றுதான்.

அன்று மாலை தெசலோனிக்காக் கடற்கரையில் பையர் அவரிடம் திருப்தியா என்று கேட்டார். "வெரி ஹேப்பி, சார்" என்று இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அறைக்கு வந்து படுத்தபிறகு என்னிடம் சொன்னார்: "கூப்பிட்ட வருசமே வந்திருக்கோணும் புள்ள."

நான் எழுந்து விளக்கை அணைத்தேன்.

திருப்பூருக்குத் திரும்பிய பிறகு அவர் மாசிடோனியாவைப் பற்றிப் பேசுவதே இல்லை. தூத்துக்குடிப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்து, "அண்ணாச்சி, போன கதையச் சொல்லுங்க" என்று கேட்டபோது, "அக்காவைக் கேளும்மா, அவதான் பாத்தா" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. இருந்தும் அன்று முழுக்க என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

பையர் இந்த வருடம் போன் செய்தார். கம்பெனியை மகனிடம் கொடுத்துவிட்டாராம். இனி ஆர்டர் எங்கே போகும் என்று தெரியாதாம். வைக்கும் முன், இரண்டு பேரும் மறுபடி வாருங்கள் என்றார்.

"யாரு?" என்றார் கணவர், கட்டிலில் இருந்தபடி. நான் போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"கிரீஸ்காரருங்க. மறுபடி வரச் சொல்றாரு."

ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு யோசித்தார்.

"அவர நல்லா இருக்கச் சொல்லு" என்றார்.