நன்மை வாங்காத நர்சம்மா

செவ்வாய்க்கிழமை காலை மார்க்கெட்டில் சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது மீன்காரிதான் சொன்னாள். "யக்கா, உனுக்கு விசயமே தெரியாதா? நர்சம்மா பூட்டாங்க. காபி குடிச்சிக்கினு கீறப்பவே சாஞ்சிட்டாங்களாம்." கையிலிருந்த மீனைக் கூடையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது.

ராயபுரத்தில் எங்கள் கோயிலைச் சுற்றிக் குடியிருப்பவர்களில் பாதிப் பேர் நர்சம்மா, அதாவது பிலோமினா அம்மாள், கையில் பிறந்தவர்கள். மீதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். ஹார்பர் கூலி வீடோ, ரயில்வேக்காரர் வீடோ, கட்டுமரக்காரர் வீடோ, ஆள் வந்து கூப்பிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்துவிடுவார். பெண்டாட்டி வலியில் துடிக்கும்போது தெருமுனையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒருவனை, "நைனா, இங்க கதவாண்ட வந்து நின்னு கேளு. அடுத்ததுக்கு ஆசப்படறப்போ ஞாபகம் இருக்கட்டும்" என்று இழுத்துவந்து நிறுத்தியவர் அவர். அந்த வீட்டில் அதற்குப் பிறகு தொட்டில் கட்டவில்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் எனக்குப் பின்னால் இரண்டு பேர் குசுகுசுத்தார்கள். "பன்னெண்டு வருசமா நன்மை வாங்கல. ஊர்ப் பொம்பளைங்களுக்குப் புள்ள தங்காம லூப்பு வைக்க ஆள் புடிச்சிக் குடுத்த பாவம், எப்பிடி வாங்குவாங்க?" பூசையில் எல்லோரும் நன்மை என்கிற நற்கருணை அப்பத்தை வாங்க எழுந்துபோகும்போது நர்சம்மா மட்டும் கடைசி பெஞ்சில் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருப்பார். அது நமக்கெல்லாம் தெரியும். காரணம் உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த வாய்களை அடைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் தலைப்பிள்ளை நீலம் பாரித்துப் பிறந்தான். மூச்சு நூலாக ஓடிக்கொண்டிருந்தது. சாகக் கிடக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். வார்த்தை மட்டும் பிசகக் கூடாது. நர்சம்மா அவன் நெற்றியில் தண்ணீர் ஊற்றி வாக்கியத்தைத் தொடங்கியது என் காதில் விழுந்தது. டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அவன் போய்விட்டான்.

ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளை அப்போது கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே சுவரோரம் புதைப்பார்கள். மணி அடிக்காது, செபமும் கிடையாது. அவர்கள் மோட்சத்துக்கும் போகாமல் நரகத்துக்கும் போகாமல் லிம்போ என்ற நடு இடத்தில் கிடப்பார்கள் என்பது போதனை. அன்றைய பெரிய சாமியார் கறாரான மனிதர். வாசலில் நின்றபடியே, "வார்த்தை பிசகாமல் சொன்னீர்களா?" என்று கேட்டார். "சொன்னேன் சாமி" என்றார் நர்சம்மா. என் பிள்ளை சூசை மணியோசையோடு மந்திரித்த மண்ணுக்குள் போனான். ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த பக்கத்து வீட்டு ரோசியின் குழந்தை சுவரோரம் கிடந்தது. ஒரு குழாயடிச் சண்டையில், "எம்புள்ள மோட்சத்துல சம்மனசு. உன் புள்ள எங்கடி?" என்று அவளைக் கேட்டவள் நான். என்ன திமிர்! இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் பங்கு மண்டபத்தில் நடந்த குடும்ப வாழ்வுக் கூட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. கருத்தடை பாவம் என்று ரோமாபுரியிலிருந்து பாப்பரசரே கடிதம் அனுப்பிவிட்ட பிறகு, கோயிலுக்கு வரும் நர்ஸ் லூப்புக்கு ஆள் அழைத்துப் போகலாமா என்று ஒரு பெரியவர் குதித்தார். நர்சம்மா எழுந்தார். "ஏழாவது புள்ளைக்கு ரத்தம் நிக்காம செத்தாளே, அவ வூட்டாண்ட வந்து அந்தக் கடுதாசியப் படி. நான் கூட நிக்கறேன்" என்றார். அதற்குப் பிறகு, பங்குக்குப் புதிதாக வந்திருந்த இளம் சாமியார் எழுந்து, லிம்போ என்பது விசுவாச சத்தியம் அல்ல, அந்தக் குழந்தைகளை ஆண்டவரின் இரக்கத்தில் ஒப்படைக்கலாம் என்றார். ஐயோ, அன்று எழுந்த கூச்சல்! அதற்கு நடுவில் நர்சம்மா கேட்டார்: "அப்போ செவுத்தோரம் படுத்துக்கினு கீற புள்ளைங்கள எல்லாம் உள்ள கொண்ணாருவீங்களா சாமி?" சாமியார் கூட்டத்தை முடிக்கும் செபத்தைத் தொடங்கினார். நர்சம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் மத்தியானம் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உம்புள்ளைக்கு நான் முழுசா சொல்லலமா. 'பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே'ன்னு ஆரம்பிச்சேன். 'நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்'னு முடிக்கணும். சிலுவ போடறப்பவும் இதே வார்த்ததான், அந்தப் பழக்கத்துல ஆமென்னு முடிச்சிட்டேன். அதுக்குள்ள அவன் பூட்டான். சாமியாராண்ட பொய் சொன்னேன். பாவத்தச் சொல்லாம நன்மை வாங்கக் கூடாது. பாவசங்கீர்த்தனம் பண்ணா, தாயாண்ட போய்ச் சொல்லுன்னுவாரு சாமியாரு. உன் மூஞ்சப் பாத்து எப்பிடிச் சொல்லுவேன்? அதான் நன்மையே வேணாம்னு இருந்துட்டேன்."

"வெளியே போங்க" என்றேன். அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை தண்ணீரில் இருக்கும்போதே சூசை பிறந்த அந்த அறை திரும்பி வந்தது. நர்சம்மாவின் குரல் "நாமத்தினாலே" என்று இழுத்து நிற்கிறது. அடுத்த சொல்லுக்கு அவர் மூச்சு எடுக்கிறார். படுக்கையிலிருந்து ஒரு கை நெற்றிக்கும் மார்புக்கும் போகிறது. ஒரு குரல் "ஆமென்" என்கிறது.

அது அவர் குரல் இல்லை. என் குரல்.

வலியில், பழக்கத்தில், சிலுவை போடுகிறார் என்று நினைத்து நான் சொன்ன ஆமென் அது. அதைக் கேட்டதும் அவர் வாயும் பழக்கத்தில் நின்றுவிட்டது. அவருக்கு இது மறந்துபோயிற்றா, அல்லது தெரிந்தே தன் தலையில் போட்டுக்கொண்டாரா? இரண்டு வருடம் ஒரே தெருவில் இருந்தும் நான் கேட்கவில்லை. எதிரே வந்தால் அவர் நின்று பார்ப்பார். நான் புடவையைச் சரிசெய்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டு போவேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், பெரிய நோன்பு முடியட்டும், மழை விடட்டும் என்று தள்ளினேன். மீன்காரி சொன்னபோது எனக்கு வந்த பயம் இதுதான்: இனி அவரிடம் சொல்லவே முடியாது.

ஆகவே, அவரை அறிந்தவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். நர்சம்மா லூப்புக்காக நன்மை வாங்காமல் இருக்கவில்லை. என் நிம்மதிக்காகத் தன் நன்மையை விட்டார். என் பிள்ளையைச் சுவரோரம் மாற்ற வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால், மண்வெட்டியோடு முதலில் என் வீட்டுக்கு வரட்டும்.

அவர் நினைவாக நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் பிள்ளைகளை வைத்திருக்கிறீர்கள். நான் வைத்திருப்பது ஒரு சொல். பன்னிரண்டு வருடம் அவர் தன்னுடையது என்று சுமந்த சொல். அவரைப் பெட்டியில் வைத்து மூடும்போது சாமியார் செபம் முடித்தார், எல்லோரும் ஆமென் என்றார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை.