ஏழுமலை அவசரக்காரர் இல்லை

வேன்காரர் ஏழுமலை செத்துப்போன செய்தி எனக்குப் பாலத்து ஓரத்தில் வந்து சேர்ந்தது. ஷேர் ஆட்டோவுக்காகக் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன். இரண்டு ஆட்டோ நிற்காமலே போய்விட்டது. மீன் கூடையைப் பார்த்தால் நிறுத்தமாட்டார்கள். மூன்றாவது ஆட்டோவிலிருந்து முன்பு என்னோடு மீன் விற்ற கன்னியம்மாள் இறங்கி வந்து, "யக்கா, கூடைய எறக்கு. நம்ம ஏழுமல போயிட்டாராம். காலைல டீ குடிச்சிட்டுப் படுத்தவரு எழுந்திருக்கல" என்றாள். கூடையில் மடவை மீன் இருந்தது. பக்கத்தில் நின்றவளிடம் அப்படியே கொடுத்துவிட்டு இரண்டு பேரும் நடந்தே பழவேற்காட்டுக்குப் போனோம்.

சாவு வீட்டுப் பந்தலில் நாற்காலி போட்டு ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர், "நல்ல மனுஷன்தான். அவசரப்பட்டு வண்டியக் கெடுத்துக்கினான், அதோட அவன் பொழப்பும் போச்சு" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஏழுமலையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சரோஜாவுக்கும் அது கேட்டது. எனக்கும் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அவர் வேனில் பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போனவர்கள் லைட்ஹவுஸ் குப்பத்திலும் பழவேற்காட்டிலும் இன்னும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எங்கள் கூட்டத்தில் எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையால் என்ன ஆனது என்பதையும் சொல்கிறேன்.

ஏழுமலைக்குச் சொந்த ஊர் ஆரம்பாக்கம். பழவேற்காட்டில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டார். அந்த டீசல் வேனை வாங்கும்போதே அது யார் யாரிடமோ ஓடித் தேய்ந்த வண்டி. கிலோமீட்டர் காட்டுகிற மீட்டர் ஒரு முழுச் சுற்று சுற்றி, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்திருந்தது. பஸ்ஸில் எங்களை ஏற்றாத காலத்தில் எங்களையும் கூடையையும் ஐஸ் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனவர் அவர் ஒருத்தர்தான். சீட்டெல்லாம் மீன் வாடை. வீட்டுக்குப் போனால் சரோஜா வாசலிலேயே நிறுத்திக் குளித்துவிட்டு வரச்சொல்லுவாள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

சாவி போட்டதும் கிளம்பமாட்டார். எஞ்சின் ஓடத் தொடங்கி ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார். கன்னியம்மாளுக்குப் பொறுக்காது. "இன்னா, சாமி கும்புடுறியா? வண்டிய எடுய்யா" என்பாள்.

"அது எழுந்திருக்கட்டும்க்கா. உன்ன எழுப்பின ஒடனே ஓடுன்னா ஓடுவியா?"

"என்ன எழுப்பறதுக்கு எவன் இருக்கான்?"

வேனே சிரிக்கும். அவர் அதற்கும் அசையமாட்டார். அவருடைய அப்பா மாட்டுவண்டி ஓட்டியவராம். மாட்டைப் பூட்டிவிட்டு ஒரு பீடி குடித்து முடித்த பிறகுதான் கயிற்றைத் தொடுவாராம். "மாடு நம்ம மூஞ்சியப் பாக்கணும்னு சொல்வாரு எங்க நைனா" என்பார் ஏழுமலை.

இன்னொன்றும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். யார் வீட்டுப் படகாவது கரைக்கு வரத் தாமதமானால், அவள் மீனை அள்ளிக்கொண்டு ஓடி வரும்வரை மற்றவர்கள் கத்துவோம். அவர் இறங்கிப்போய் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, "ஆயில் பாக்கணும்" என்பார். கம்பியை இழுப்பார், துணியில் துடைப்பார், திரும்பச் சொருகுவார், திரும்ப இழுப்பார். அவள் வந்து ஏறியதும் ஆயில் சரியாக இருக்கும். யாரையும் விட்டுவிட்டுப் போன மனுஷன் இல்லை அவர்.

வண்டிக்கு வயதாக ஆகப் புகை அதிகமானது. பாலத்தில் ஏறும்போது பின்னால் வருகிறவனுக்குக் கண் தெரியாது. மார்க்கெட்டில் எங்கள் வேன் நுழைந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். மீன்காரிகளைப் பார்த்து மூக்கைப் பொத்தினால் நான் தாங்கிக்கொள்வேன், வண்டியைப் பார்த்துப் பொத்தினால் எனக்கு அவமானமாக இருந்தது.

அப்போதுதான் என் பேத்தி பவித்ரா மெட்ராஸில் ஒரு கார் சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எங்கள் குடும்பத்தில் ஃபேன் காற்றுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள். புகையைப் பற்றி நான் புலம்பியதைக் கேட்டு, எஞ்சினின் உள்ளே கழுவுகிற மருந்து என்று ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தாள். எப்படிப் போடுவது என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி பாட்டிலிலேயே டேப் போட்டு ஒட்டியிருந்தாள்.

அடுத்த நாள் காலை வேனுக்குப் பக்கத்தில் நின்று, எல்லோரும் கேட்க அந்தத் தாளைச் சத்தமாகப் படித்தேன். ஒன்று, பழைய ஆயிலோடு இதை ஊற்ற வேண்டும். இரண்டு, வண்டியை ஓட்டாமல், நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட வேண்டும். மூன்று, உடனே ஆயிலை முழுக்க இறக்கிவிட்டுப் புது ஆயில் ஊற்ற வேண்டும். நான்காவதாக ஒரு வரி இருந்தது. "ரொம்ப ஓடின பழைய வண்டியா இருந்தா மெக்கானிக்கைக் கேட்காம ஊத்தாதே ஆயா." அதை நான் படிக்கவில்லை. அந்த வரி தெரியாதபடி தாளின் அடியை மடக்கிவிட்டேன்.

ஏழுமலை வேண்டாம் என்றார். "உள்ள இருக்கறது எல்லாம் வெறும் அழுக்கு இல்லக்கா. இத்தினி வருஷமா ஒட்டிக்கினு கெடக்குது. ஆயில சீக்கிரம் சீக்கிரமா மாத்திக்கினு வந்தா கொஞ்சம் கொஞ்சமா தானே எறங்கும். மொத்தமா உலுக்கி விட்டா எங்க போய் அடைக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்றார். நாலு வரியையும் நான் படித்திருந்தால் அவர் சொன்னதும் அதுவும் ஒன்றுதான் என்று எல்லோருக்கும் புரிந்திருக்கும். நான் படிக்காமல், "என் பேத்தி தெனம் எத்தினி வண்டி பாக்குறா, உனுக்கு அவளவிடத் தெரியுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு மாதம் தள்ளிப்போட்டார். நானும் ஒரு மாதம் தினம் கேட்டேன்.

அந்த ஒரு மாதம் கழித்து ஒரு நாள் காலை, படகு வர நேரமாகும் என்று கரையில் சொன்னார்கள். புது ஆயிலும் முன்பே வாங்கிவைத்திருந்தார், சரி, இன்றைக்குச் செய்துவிடலாம் என்றார். மருந்தை ஊற்றி எஞ்சினை ஓடவிட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, கரையில் சத்தம் கேட்டது. பல வாரமாகக் கடல் எங்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அன்றைக்கு வெள்ளை இறால், படகு படகாக. நீங்கள் எல்லோரும் கூடைகளோடு ஓடிவந்து ஏற்றிவிட்டீர்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஐஸ் பாதிதான் இருந்தது.

நான் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அவர் வெளியே நின்று, "ஆயில எறக்கணும்க்கா. ஒரு மணி நேரம் குடு" என்றார். மற்ற ஊர்க்காரிகள் முன்னால் போய்விடுவார்கள், விலை விழுந்துவிடும் என்றேன். அவர் அசையவில்லை. பழைய ஆயில்தானே இருக்கிறது, அங்கே போய் இறக்கிக்கொள் என்றேன். அப்போதும் அசையவில்லை. "எடு" என்றேன். எஞ்சின் சத்தத்தில் பின்னால் இருந்த உங்களுக்கு அது கேட்டிருக்காது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏறினார், எடுத்தார். அன்றைக்கு அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்கவில்லை.

திருப்பாலைவனம் தாண்டியதும் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே ஓரம் கட்டிவிட்டார். அதற்குள் உள்ளே இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம் வந்துவிட்டது. அப்புறம் நின்றே போனது. வெயிலில் நிழல் இல்லாத ரோடு. இறால் தலை சிவக்கிறது, ஐஸ் தண்ணீர் வண்டியிலிருந்து சொட்டுகிறது. கன்னியம்மாள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஆயில எறக்காம எவன்யா உன்ன எடுக்கச் சொன்னான்?" என்று கேட்டாள்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் அவசரப்பட்டுட்டேன்க்கா" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் என் வீட்டுக்கு வந்தார். செய்தித்தாளில் எதையோ சுற்றி எடுத்துவந்திருந்தார். பிரித்தால் உள்ளங்கை அளவு ஒரு இரும்புச் சல்லடை. எஞ்சினுக்கு அடியில் இருக்குமாம், ஆயில் அதன் வழியாகத்தான் மேலே ஏற வேண்டுமாம். தார் பூசியது மாதிரி இருந்தது. ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை. வலையில் சேறு அப்பினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நிக்க வெச்சி எறக்கியிருந்தா பாதி வெளிய போயிருக்கும்" என்றார். சல்லடையைத் திரும்பச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே, "அப்பவும் பொழைச்சிருக்கும்னு சொல்லமாட்டேன். பொழைச்சிருக்கலாம்" என்றார்.

அப்புறம் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். காலி பாட்டிலிலிருந்து கிழியாமல் உரித்திருந்தார். "பேத்தி கையெழுத்து நல்லா இருக்குது. நாலு வரி எழுதியிருக்குது. நீ மூணுதான் படிச்ச." அவர் குரலில் கோபம் இல்லை. "இத நீ வெச்சிக்கக்கா. யாருக்கும் காட்டாத. நாளைக்கு வேற வண்டி பேசணும். உன் பேச்சக் கேட்டாதான் பொம்பளைங்க ஒண்ணா நிப்பாங்க. நான் அவசரப்பட்டேன்னே இருக்கட்டும்."

வேறு வண்டி அமையவில்லை. கொஞ்ச நாள் வாடகை வண்டி பிடித்தோம், கட்டுப்படியாகாமல் விட்டோம். நாம் ஒன்றாக நிற்கவும் இல்லை. சிலர் இறால் உரிக்கப் போனார்கள். கன்னியம்மாள் கருவாட்டுக்கு மாறிவிட்டாள். நான் ஆட்டோவுக்கு நிற்கிறேன். வேனைப் பழைய இரும்புக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். புகை நின்றுவிட்டதா என்று பவித்ரா போனில் கேட்டாள். சுத்தமாக நின்றுவிட்டது என்றேன். இதைப் படித்துத்தான் அவளுக்கே தெரியப்போகிறது.

ஏழுமலை யாருடைய வண்டியையாவது ஓட்டலாம் என்று அலைந்தார். ஒரு லோடு வண்டிக்காரர் என்னிடமே வந்து, "அந்த ஆள நம்பி சாவி குடுக்கலாமா ஆயா?" என்று கேட்டார். நல்ல மனுஷன் என்றேன். "அவசரப்படுவாராமே" என்றார். நான் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டேன். கடைசிவரை யாரும் அவரிடம் வண்டி கொடுக்கவில்லை. இறால் பண்ணையில் காவல் இருந்தார். வழியில் பார்த்தால், "இன்னாக்கா, வண்டி கெடைச்சுதா?" என்று மட்டும் கேட்பார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போனபிறகு சரோஜாவிடம் அந்தத் தாளை எடுத்துப் போனேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நானே படித்தேன். நாலு வரியும் படித்தேன். "எடு" என்று சொன்னது நான் என்பதையும் சொன்னேன்.

வீட்டில் அவர் சொல்லியிருப்பார், அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். அவர் அவளிடமும் சொல்லியிருக்கவில்லை.

"செத்த அன்னிக்குக் காலைலகூட சொன்னேன்க்கா. டீ சுடுதுன்னு கீழ வெச்சாரு. இப்ப மட்டும் பொறுமையா குடி, அன்னிக்கு அவசரப்பட்டு எல்லாத்தையும் தொலைச்சியேன்னு சொன்னேன். அவரு சிரிச்சாரு" என்றாள் சரோஜா. அப்புறம், "ஒரு பாலம் தாண்டித்தான இருந்தாரு. இத அவரு கேக்கும்போது படிச்சிருக்கக்கூடாதா?" என்றாள்.

நான் மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. தாளை அவள் பக்கம் வைத்தேன். அவள் அதைத் தொடாமல், "எனுக்கு இன்னாத்துக்கு? நீயே வெச்சிக்க. ஊருக்குச் சொல்லு" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சொல்லிவிட்டேன். அவரை அவசரக்காரர் என்று இனிமேல் யாரும் சொல்லாதீர்கள். அவருக்கு அது இனிப் பிரயோசனம் இல்லை, தெரியும். அவருடையதாக என்னிடம் இருப்பது அவர் கிழியாமல் உரித்துக் கொடுத்த அந்தத் தாள் ஒன்றுதான். அதன் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் கறுப்பு ஆயிலில் பதிந்திருக்கிறது, சரியாக நான்காவது வரிக்குப் பக்கத்தில். சல்லடையைக் கழற்றிய ஆயில் கையோடு அவர் அதைப் படித்திருக்கிறார். அப்புறம்தான் யாருக்கும் காட்டாமல் மடித்துப் பையில் வைத்திருக்கிறார்.

— எல்லம்மாள், லைட்ஹவுஸ் குப்பம்