மகள் பாதியில் நிறுத்திய இடமாற்றம்

கணினி ஓடுவதற்கு அடிப்படையான மென்பொருள் ஒன்றைப் பல நாட்டு ஆட்கள் அவரவர் வீட்டிலிருந்து சேர்ந்து செய்து, விலையில்லாமல் கொடுக்கிறார்கள். அவர்களில் என் மகளும் ஒருத்தி. தொண்டியில் எங்கள் வீட்டு உள் அறைதான் அவளுக்கு அலுவலகம். கேமராவில் தெரிந்துவிடுவேனோ என்று நான் சுவரோரமாகப் போய்த் தேநீரை வைத்துவிட்டு வருவேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

கணினிக்குள் நிரல்கள் நெடுங்காலமாக இரண்டு ஃபோல்டர்களில் பிரிந்து கிடந்தனவாம். அவற்றை ஒரே ஃபோல்டரில் சேர்ப்பது இவள் பொறுப்பு. பழைய ஃபோல்டரின் பெயரைச் சொன்னாலும் புதியதற்கே கொண்டுபோய் விடும்படி அங்கே ஒரு சுட்டி இருக்கும். அடுத்த பதிப்பு வெளிவருவதற்குள் முடிக்க வேண்டும் என்று இரண்டு வருஷம் பாடுபட்டாள். அவள் தம்பியின் நிக்காஹ் வீட்டிலும் அவள் மடியில் கணினிதான்.

முன்கூடத்தில் என் பழைய கணினி இருக்கிறது. கத்தாரில் இருக்கும் மகன் அதில்தான் முகம் காட்டுவான். புதிதுபுதிதாக வந்த பதிப்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிவந்த பெட்டி அது. வெளியீட்டுக்கு முன் இனி யாரும் எதையும் மாற்றக்கூடாது என்று குறித்த நாள் நெருங்கியபோது, சோதித்துப் பார்க்க அதில் புதுப் பதிப்பை ஏற்றினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து இரண்டு வரி வந்து, அப்படியே நின்றுவிட்டது.

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லியும் அவள் எழுந்திருக்கவில்லை.

"என்னம்மா ஆச்சு?"

"ஒரு நிரலைக் காணோம் உம்மா."

"கைதவறி அழிச்சிட்டியா?"

"நான் அழிக்கலை. ஏத்துற மென்பொருளே வச்சுட்டு, அதுவே அழிச்சிருக்கு."

நிரல்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து அனுப்புவார்களாம்; ஒவ்வொரு கட்டும் ஒரு தொகுப்பு. அந்த நிரலை வேறொருவர் அதே பதிப்பில் ஒரு தொகுப்பிலிருந்து இன்னொரு தொகுப்புக்கு மாற்றியிருந்தார். புதுத் தொகுப்பு வந்து நிரலைப் புது ஃபோல்டரில் வைத்தது. பிறகு ஏற்றுகிற மென்பொருள், பழைய தொகுப்பின் மிச்சத்தைத் துடைக்கப் பழைய ஃபோல்டருக்குப் போனது. சுட்டி அதைப் புது ஃபோல்டரிலேயே கொண்டுபோய் விட்டது. இரண்டும் ஒரே இடம் என்று அதற்குத் தெரியாது. சற்றுமுன் வைத்ததை அழித்துவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லியிருக்கிறது.

கூட வேலை பார்க்கும் பரமக்குடிக்காரர் கணினியில் பேசினார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"அக்கா, வெறும் பொட்டியில புதுசாப் போட்டா நல்லாத்தான ஓடுது? உம்மா பொட்டி ஒண்ணுக்காக நிறுத்துவாங்களா?"

"புதுசாப் போடுறவங்க எத்தனை பேரு தம்பி? ஆஸ்பத்திரியில, பள்ளிக்கூடத்துல எல்லாம் பழசு மேலதான் ஏத்துவாங்க. அங்கன இப்படி நின்டுச்சுன்னா?"

"அப்ப ரெண்டு வருஷ வேலையத் தூக்கிப் போடப் போறீகளா?"



"பாதியத் தூக்கிப் போடுவோம்" என்றாள்.

சுட்டி இருக்கட்டும். காணாமல் போன நிரலைப் பழைய ஃபோல்டரின் பெயரிலேயே திரும்ப வைப்போம். மிச்ச நிரல்களை இந்தப் பதிப்பில் யாரும் இடம் மாற்ற வேண்டாம். இதை எல்லோருக்கும் எழுதினாள்.

அன்று மகன் போனில் கூப்பிட்டான். நடந்ததைச் சொல்லி, அவன் அக்காவிடம் போனைக் கொடுத்தேன். "லாத்தா, உலகத்துக்கே ஏத்துறீக, உம்மா பொட்டியில ஏத்த முடியலையாமே?"

வேறு நாளாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். "ஆமாடா" என்று மட்டும் சொல்லி, போனை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

வெளியீட்டு அன்று என் பெட்டியில்தான் முதலில் ஏற்றினாள். ஓடியது. புதிதாக என்னென்ன வந்திருக்கிறது என்று அவர்கள் வெளியிட்ட குறிப்பை எனக்கு வாசித்துக் காட்டினாள். அதில் அவள் வேலையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"அடுத்த பதிப்புல முடிச்சுருவேன் உம்மா."

அது வர இன்னும் இரண்டு வருஷம் ஆகுமாம். இன்ஷா அல்லாஹ் என்றேன். அதற்குள் அவள், இடம் மாறாமல் நிற்கும் நிரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தொடங்கியிருந்தாள்.