கம்பத்துக்கு உல்லன் சட்டை

எங்கள் தெரு முனையில், கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்தில், ஓர் இரும்புக் கம்பம் இருக்கிறது. ஒரு காலத்தில் அதன் தலையில் ஏதோ போர்டு இருந்திருக்க வேண்டும். இப்போது வெறும் குழாய்தான். துருப்பிடித்துப் போய், சாய்ந்து நிற்கிறவர்களின் துணியையெல்லாம் கறையாக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பத்துக்கு நான் உல்லன் நூலில் சட்டை போட்டேன்.

ஒன்பதாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. ஆனால் தையல் டீச்சர் சொல்லிக்கொடுத்த குரோஷா பின்னல் மட்டும் கையைவிட்டுப் போகவில்லை. என் வீட்டுக்காரர் ஸ்வெட்டர் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். நூல் சுற்றிவரும் கோனின் அடியில் மிச்சமாவதைக் கேட்டு வாங்கி வந்துவிடுவார். எந்தக் கலர் வந்தாலும் முதலில் பூஜை அலமாரிக்குத்தான். சாமி படங்களுக்கு மாலை, விளக்குக்கு அடியில் போட வட்ட விரிப்பு, வாசலுக்குத் தோரணம். மலைமேல் இருக்கிற ஈஸ்வரனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஊசியில் முதல் கண்ணியைக் கோப்பேன்.

ஒருநாள் என் மகள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஏதோ வெளிநாட்டில் பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து மரத்துக்கும், பாலத்துக் கைப்பிடிக்கும், நிறுத்திவைத்த சைக்கிளுக்கும் உல்லனில் பின்னிப் போர்த்திவிட்டுப் போகிறார்கள்.

"இதுக்குப் பேரு யார்ன் பாமிங்மா."

"பாமா? என்னாத்துக்குடி பாம்?"

"நூல்ல போடுற பாம். யாருக்கும் அடிபடாது. பாக்கறவங்க சிரிப்பாங்க, அவ்ளோதான்."

எனக்குப் பிடித்துவிட்டது. மரத்துக்கு மஞ்சள் துணி சுற்றுகிற ஊரில் பிறந்தவளுக்கு இது என்ன பெரிய அதிசயம்? அவர்கள் விளையாட்டுக்குச் செய்கிறார்கள், நாம் பக்திக்குச் செய்கிறோம். ஒரு தடவை விளையாட்டுக்கும் செய்து பார்க்கலாமே என்று தோன்றியது. உடனே அந்தக் கம்பம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

கலர் எது என்று நான் யோசிக்கவே இல்லை. ஆயுத பூஜை அன்று எங்கள் ஊர்க் கம்பெனிகளில் லேத்துக்கும், டிரில்லுக்கும், லாரிக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைப்பார்கள். இரும்பு என்றாலே எங்களுக்குப் பொட்டு வைக்கத்தான் கை போகும். மேலே பாதி மஞ்சள், கீழே பாதி சிவப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கம்பத்தைச் சுற்றி வைத்துத் தைத்துவிட்டு வந்தேன்.

அந்தக் கம்பத்தடியில் பூ விற்கிறவள் என் சிநேகிதி. எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளுடைய தார்ப்பாயின் ஒரு கயிறு அந்தக் கம்பத்தில்தான் கட்டியிருக்கும். என் தமிழில் பாதி கன்னடம், அவள் கன்னடத்தில் பாதி தமிழ். சட்டையைத் தடவிப் பார்த்து, "அக்கா, கம்பத்துக்கு சீமந்தமா?" என்று கேட்டுச் சிரித்தாள். பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் அதில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை பால் வாங்கப் போனால், இரண்டு வாலிபர்கள் பைக்கை நிறுத்திவிட்டுக் கம்பத்தடியில் நிற்கிறார்கள். ஒருவன் கையில் பிளேடு. என் சிநேகிதி தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ஊர்க் கொடிய எங்க ஊர்ல ஏத்துறியா?" என்று பிளேடுக்காரன் அவளிடம் கத்தினான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேலே மஞ்சள், கீழே சிவப்பு. கர்நாடகக் கொடி அப்படியே! அதுவும் அவர்கள் மாநிலம் பிறந்த நாளுக்காக அந்தப் பக்கம் ஊருக்கு ஊர் அந்தக் கொடி பறக்கிற மாதம். பாகலூர் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்த்த கொடிதான். ஆனால் என் கண்ணுக்கு அது மஞ்சள் குங்குமமாகத்தான் தெரிந்ததே தவிர, கொடியாகத் தெரியவே இல்லை.

"தம்பி, பிளேட உள்ள வை. அத பின்னினது நானு" என்றேன்.

"நீங்களா? நீங்க தமிழ் ஆளுதானே?"

"தமிழ் ஆளு மஞ்சள் குங்குமம் வைக்கறது இல்லியா? உங்கம்மா நெத்தியில என்னா இருக்குது, போய்ப் பாரு."

கூட நின்றவன் சிரித்தான். பிளேடுக்காரன் சிரிக்கவில்லை. "சாயங்காலத்துக்குள்ள இது கொடி மாதிரி இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா நாங்களே கிழிச்சிடுவோம், பூக்கடையும் இங்க இருக்காது" என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தான்.

என் சிநேகிதியின் முகம் சுண்டிப்போயிருந்தது. "யாக்கே அக்கா இந்த வம்பு? பிச்சிப் போட்டுடலாம். எனக்கு இந்த எடம் போச்சுன்னா வேற எடம் எல்லி இருக்கு?"

நான் செய்த விளையாட்டுக்கு அவள் பிழைப்பு போவதா? பிரித்துவிடுவது ஒரு நொடி வேலைதான். ஆனால் பயந்து பிரித்தால், அவள்தான் கட்டினாள் என்று ஊரே நம்பிவிடும். நாளைக்கு வேறொருவன் வேறொன்றைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பான். "கயித்தக் கட்டு. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

நைட் ஷிப்ட் முடிந்து என் வீட்டுக்காரர் அங்கேயே பஸ்ஸிலிருந்து இறங்கினார். விஷயத்தைச் சொன்னதும், "கலர மாத்திடு, பச்சை போடு" என்றார்.

எதிர்ப்பக்க டீக்கடைக்காரர் அங்கிருந்தே, "பச்சைக்கு ஒரு கட்சி இருக்குதுங்க" என்றார்.

"நீலம்?"

"அதுக்கும் ஆள் இருக்காங்க."

"கறுப்பு சிவப்பு?"

"ஏங்க, நீங்க வேற! எலெக்ஷனுக்கு நிக்கப் போறீங்களா?"

"அப்ப வெள்ளையே போட்டுடலாம்."

"வெள்ளக் கொடி காட்டுனா தோத்துட்டோம்னு அர்த்தமுங்க" என்றார் டீக்கடைக்காரர்.

நான் வீட்டுக்கு வந்து விளக்கேற்றி உட்கார்ந்தேன். ஆண்டவனே, நீ கொடுத்த கலரில் ஒன்றைக்கூட இவர்கள் விட்டுவைக்கவில்லையே என்று சொல்லிக்கொண்டே அலமாரியைப் பார்த்தேன். வரலட்சுமி நோன்புக்குக் கலசத்தில் வைக்கும் அம்மன் முகம் அங்கே இருந்தது. ஒரு சொம்புக்கு முகம் வைத்து, சேலை கட்டி, ஜடை போட்டால் அது சொம்பாகத் தெரிகிறதா? கம்பத்துக்கும் அப்படிச் செய்தால் யார் அதைக் கொடி என்பார்கள்?

ஆனால் சாமி முகம் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. விளையாட்டுக்குச் செய்த இடத்தில் அம்மனைக் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. நாளைக்கே ஒருத்தி சூடம் காட்டுவாள், அடுத்தவள் உண்டியல் வைப்பாள். அது பஸ் ஸ்டாப். அங்கே யார் நிற்பார்கள்? கம்பெனிக்குப் போகிற பெண்தான் நிற்பாள்.

ஊசியை எடுத்தேன். மாநிறமாக ஒரு வட்டம் பின்னிப் பழைய துணியை அடைத்தேன். கண், மூக்கு, மூக்குத்தி. கறுப்பு நூலில் நீளமாக ஒரு ஜடை. பச்சை நூலில் கழுத்துப் பட்டியும், அதில் தொங்க வெள்ளையில் சின்னதாக ஓர் ஐடி கார்டும். சாப்பாட்டுப் பை மாதிரி ஒரு பை. என் மகள் தன் சிவப்புத் துப்பட்டாவைக் கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கம்பத்தில் தைத்து முடித்தோம். மஞ்சள் டாப்பும் சிவப்பு பேண்டும் போட்ட ஒரு பெண் பஸ்ஸுக்கு நின்றாள். கடைசியில் என் சிநேகிதி வந்து ஜடையில் மல்லிகைச் சரத்தைச் சுற்றினாள்.

சாயங்கால ஷிப்டுக்குப் போகும் பெண்கள் வந்தார்கள். "ஏய், நம்ம லைன்ல புதுசா ஆள் சேத்திருக்காங்கடி!" "எந்த ஷிப்டும்மா நீ?" "இவ நமக்கு முன்னாடியே வந்து சீட்டு புடிச்சிடுவாடி!" ஒருத்தி ஐடி கார்டைத் திருப்பிப் பார்த்தாள்.

அந்தச் சமயம் பார்த்து பைக் வந்தது. இருவரும் இறங்கினார்கள். பிளேடுக்காரன் கம்பத்தை மேலும் கீழும் பார்த்தான். என் சிநேகிதி பூக்கூடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"கொடிக்கு மூக்குத்தி போட்டு எங்கனா பாத்திருக்கியா தம்பி?" என்றேன்.

அவன் வாய் திறப்பதற்குள் பெண்களில் ஒருத்தி, "எங்க கூட வேலைக்கு வர்ற பொண்ணுண்ணா அது. கை வச்சிடாதீங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கூட வந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிளேடுக்காரனுக்கும் உதடு கோணியது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

"ஐடி கார்டுல போட்டோ இல்லியேம்மா" என்றான்.

"இன்னும் பர்மனென்ட் ஆவல" என்றாள் என் சிநேகிதி. அன்றைக்கு அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அவன் அவளைப் பார்த்து, "கட அப்படியே இருக்கட்டுங்க்கா" என்றான். அவ்வளவுதான். அவள் தார்ப்பாய்க் கயிற்றை இன்னொரு முடிச்சு போட்டு இறுக்கினாள்.

கிளம்பியவன் பைக்கைத் திருப்பிக்கொண்டு என்னிடம் வந்தான். "அம்மா, காலைல ஆறு மணி ஷிப்டுக்குப் போறப்ப குளிர்ல கை வெறச்சுப் போவுது. இந்த ஹேண்டில்பாருக்கு இதே மாதிரி ஒண்ணு பின்னித் தருவீங்களா?"

"தர்றேன். எந்தக் கலர்ல வேணும் சொல்லு."

அவன் வாயைத் திறந்தான். மூடினான். டீக்கடையைப் பார்த்தான், கம்பத்தைப் பார்த்தான், கூட வந்தவனைப் பார்த்தான்.

"யோசிச்சே சொல்லுப்பா, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு நான் நூலைச் சுற்ற ஆரம்பித்தேன்.